ஒலியை நிறுத்துகிறவர்களுக்கு: தொலைக்காட்சி, ஓடிடி தணிக்கைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சி நிறுவனங்களிலும் ஓடிடி தளங்களிலும் எது ஒலிக்கலாம், எது ஒலிக்கக் கூடாது என்று முடிவெடுக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

2009 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில், தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன ஹார்வி மில்க் என்ற அமெரிக்க அரசியல்வாதியின் வாழ்க்கையைச் சொன்ன 'மில்க்' படத்துக்கு இரண்டு விருதுகள் கிடைத்தன. திரைக்கதைக்கு டஸ்டின் லான்ஸ் பிளாக், நடிப்புக்கு ஷான் பென். இருவரும் மேடையேறிப் பேசினார்கள். ஸ்டார் தொலைக்காட்சி வழியே ஆசிய நாடுகளுக்கு வந்த ஒளிபரப்பில், தன்பாலீர்ப்புள்ள ஆண்களையும் பெண்களையும் குறிக்கும் 'கே', 'லெஸ்பியன்' என்ற சொற்கள் வந்த இடங்களில் மட்டும் ஒலி நின்றது. உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, எல்லாச் சந்தைகளின் உணர்வுகளையும் விதிமுறைகளையும் கணக்கில் கொள்ள வேண்டிய பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது என்ற பொருளில் நிறுவனம் பதில் சொன்னது.

பழைய சங்கதியை இப்போது ஏன் கிளறுகிறேன் என்று நினைக்கலாம். பழக்கம் போகவில்லை, அதனால்தான். 2019இல் நடிகர் ராமி மாலெக் ஆஸ்கர் மேடையில் ஒரு 'கே' மனிதரைப் பற்றிப் படம் எடுத்தோம் என்று சொன்னதை, சீனாவின் மாங்கோ டிவி வசன வரியில் 'சிறப்புக் குழு' என்று மாற்றிப் போட்டது. நம் பக்கத்திலும் படங்கள் வெட்டப்படுகின்றன, சொற்கள் கரைக்கப்படுகின்றன. எனக்கு இதில் மனம் ஆறாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம், எல்லாப் படங்களையும் விட்டுவிட்டு 'மில்க்' படத்தின் பேச்சில் கைவைத்ததுதான். அந்த மனிதர் எதற்காக வாழ்ந்தார், எதற்காகச் செத்தார் என்பதே அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்வதில்தான் இருந்தது. அதைத்தான் நீங்கள் நிறுத்தினீர்கள்.

பிளாக்கின் பேச்சை நீங்கள் விட்டுவைத்த வடிவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தான் பதின்மூன்று வயதில், டெக்சாஸில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கட்டுப்பாடான வீட்டிலிருந்து பெற்றோரோடு கலிபோர்னியாவுக்கு வந்ததாகவும், அங்கே ஹார்வி மில்க்கின் கதையைக் கேட்டதாகவும், என் வாழ்க்கையை நானாகவே வாழலாம் என்ற நம்பிக்கை அதில்தான் பிறந்ததாகவும் அவர் சொல்கிறார். அப்புறம், ஹார்வி இன்று இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று விரும்பியிருப்பார் என்கிறார். தேவாலயமும் அரசும் குடும்பமும் உங்களை மட்டம் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் அழகானவர்கள், மதிப்புள்ளவர்கள், கடவுள் உங்களை நேசிக்கிறார் என்கிறார். எந்தப் பிள்ளைகளுக்கு? அந்த இடத்தில்தான் ஒலி இல்லை. ஒரு கடிதத்தில் செய்தி முழுவதையும் விட்டுவிட்டு முகவரியை மட்டும் கிழித்துப் போட்டது போல ஆனது. யாருக்காக அவர் பேசினாரோ அந்தப் பிள்ளை அன்று நம் ஊரில் ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில், அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கும். தன்னைக் குறிக்கும் சொல் வந்தபோது சத்தம் போனதை அது கவனிக்காமல் இருந்திருக்குமா?

நான் ஒரு பள்ளி ஆசிரியை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு பல வருடமாக இருக்கிறேன். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹார்வி மில்க் யார் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் கடற்படையில் அதிகாரியாக இருந்தார். அவருடைய பாலீர்ப்பு பற்றி விசாரணை வந்தபோது, 1955இல் பதவியை விட்டு விலக வைத்தார்கள். பிறகு ஆசிரியர் வேலை, காப்பீட்டு நிறுவனம், வால் ஸ்ட்ரீட் என்று வெளியே யாருக்கும் தெரியாதபடிதான் வாழ்ந்தார். நாற்பது வயதைத் தாண்டித்தான் சான் பிரான்சிஸ்கோ போய், 1973இல் காஸ்ட்ரோ தெருவில் ஒரு கேமரா கடை போட்டார். அந்தக் கடையே கட்சி அலுவலகம் மாதிரி ஆனது. 1973, 1975, 1976 என்று மூன்று தேர்தல்களில் தோற்றார். 1977 நவம்பரில் நகர மேற்பார்வையாளர் குழுவுக்கு, நம்மூர்க் கணக்கில் மாநகராட்சி உறுப்பினர் என்று வைத்துக்கொள்ளலாம், தேர்ந்தெடுக்கப்பட்டார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு கலிபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல் மனிதர் அவர்தான். வேலையிலும் வீட்டு வாடகையிலும் தன்பாலீர்ப்பாளர்களை ஒதுக்கக் கூடாது என்ற நகரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாய் வளர்ப்பவர்கள் தெருவில் கிடக்கும் கழிவைத் தாங்களே அள்ள வேண்டும் என்ற சட்டத்துக்கும் அதே உற்சாகத்தோடு பாடுபட்டார். மாநகராட்சி உறுப்பினர் என்றால் அதுவும்தானே வேலை! பதவியில் பதினோரு மாதம்கூட முடியவில்லை. 1978 நவம்பர் 27 அன்று, உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு அதைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த டான் வைட், மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் மில்க்கையும் நகர மன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். இரண்டு உயிர்களுக்கு ஏழு வருடம் எட்டு மாதம் தண்டனை. அதிலும் ஐந்து வருடம்தான் உள்ளே இருந்தார்.

அந்தப் பதினோரு மாதத்துக்குள் நடந்த ஒரு விஷயத்தைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர் ஒரு வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார். பேர் முன்மொழிவு 6. தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதோடு நிற்கவில்லை. அவர்களுக்கு ஆதரவாக வெளியில் பேசும் எந்த ஆசிரியரையும் வேலையை விட்டு எடுக்க அது வழி செய்தது. இந்த மடலை எழுதியதற்காக, அந்தச் சட்டத்தின் கீழ் என் வேலையும் போயிருக்கும். சட்டமாக எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் முன்மொழிவு 6ஐப் பாருங்கள். உங்கள் ஒலி நிறுத்தமும் அந்த வழியில்தான் போகிறது. ஒருவர் அப்படி இருப்பது மட்டும் இல்லை, அதைப் பற்றி மரியாதையாகப் பேசுவதே குற்றம் என்கிற வழி அது.

ஆரம்பத்தில் கருத்துக்கணிப்புகள் எல்லாம் அது ஜெயித்துவிடும் என்றே காட்டின. மில்க் ஊர் ஊராகப் போய் பிரிக்ஸோடு மேடையேறி வாதாடினார். பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்து அப்படியே ஆகிவிடுவார்கள் என்றால், கன்னியாஸ்திரிகள் இத்தனை பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, தெருவெல்லாம் கன்னியாஸ்திரிகளாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டார். வாதத்தைவிட அவர் நம்பியது வேறொன்றை. வீட்டில் சொல்லுங்கள், நண்பர்களிடம் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள், வேலை செய்யும் இடத்தில் சொல்லுங்கள் என்று தன் மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். நாம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், நம்மைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களை அவர்கள் நம்ப மாட்டார்கள் என்பதுதான் அவர் கணக்கு. ஆயிரக்கணக்கானவர்கள் அதைச் செய்தார்கள். அப்போது ஜனாதிபதி பதவிக்குக் கண் வைத்திருந்த பழமைவாதி ரொனால்ட் ரீகன்கூட, இது ஒன்றும் அம்மை மாதிரி தொற்றுகிற நோய் இல்லை என்று எழுதி அந்த முன்மொழிவை எதிர்த்தார். 1978 நவம்பர் 7 அன்று அது 58 சதவீதத்துக்கும் மேலான எதிர்ப்பு வாக்குகளோடு தோற்றது. மில்க் சாவதற்குச் சரியாக இருபது நாள் முன்னால்.

வெறுப்பு எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியாதவரை வெறுப்பது சுலபம். அக்கா மகன், பக்கத்து வீட்டு நர்ஸ், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரும் டீச்சர் என்று தெரிந்த பிறகு வெறுக்கக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கஸ் வான் சான்ட் இயக்கிய படமும் இதையே பிடித்துக்கொண்டு நடக்கிறது. படத்தின் தொடக்கத்தில் பழைய செய்திப் படத் துண்டுகள் வருகின்றன. மதுக்கூடங்களில் போலீஸ் ரெய்டு. பிடிபட்ட ஆண்கள் கேமராவைப் பார்த்ததும் கைகளால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். தலையைக் குனிகிறார்கள். அடுத்த இரண்டு மணி நேரமும், அந்தக் கைகளை முகத்திலிருந்து இறக்க ஒரு மனிதர் என்ன பாடுபட்டார் என்பதுதான் கதை. மில்க் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நான் கொல்லப்பட்டால் மட்டும் இதைக் கேட்க வேண்டும் என்று டேப்பில் பேசிப் பதிவு செய்கிறார். நிஜத்திலும் 1977 நவம்பரில், தேர்தலில் வென்ற சில நாட்களிலேயே, அப்படிப் பதிவு செய்து வைத்தார். என் தலையில் ஒரு குண்டு பாயுமானால், ஒளிந்து வாழ்கிறவர்களை அடைத்து வைத்திருக்கும் கதவுகளை எல்லாம் அது உடைக்கட்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்.

படத்தில் ஒரு தொலைபேசிக் காட்சி வரும். மின்னசோட்டாவிலிருந்து ஒரு பையன் மில்க்கை அழைக்கிறான். யாரென்றே தெரியாது, பத்திரிகையில் பார்த்த பெயர்தான். வீட்டில் என்னைச் சரிசெய்ய எங்கோ அனுப்பப் போகிறார்கள், சாகத் தோன்றுகிறது என்கிறான். மில்க் அவசரத்தில் இருக்கிறார், வெளியே கூட்டம் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நிற்கிறார். உனக்கு நோய் இல்லை, உன்னிடம் தப்பு இல்லை, கடவுள் உன்னை வெறுக்கவில்லை, பஸ் ஏறி ஏதாவது பெரிய ஊருக்குப் போய்விடு என்கிறார். என்னால் நடக்க முடியாது சார், என்கிறான் பையன். கேமரா விலகும்போதுதான் அவன் சக்கர நாற்காலியில் இருப்பது நமக்குத் தெரிகிறது. பின்னால், முன்மொழிவு 6 தோற்ற இரவில், அவன் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மறுபடி அழைக்கிறான். உயிரோடு இருக்கிறான். நிஜ மில்க்கும் தன் மேடைப் பேச்சுகளில் பென்சில்வேனியாவின் அல்டூனா என்ற சிற்றூரிலிருந்து வந்த ஓர் இளம் குரலைப் பற்றிச் சொல்லுவார். நீங்கள் ஜெயித்ததற்கு நன்றி என்று சொல்ல வந்த அழைப்பு அது.

அந்தப் பையனுக்கு உயிர் தந்தது அறிவுரை இல்லை. தன்னைப் போன்ற ஒருவரின் பெயரைப் பத்திரிகையில் ஒளிவுமறைவில்லாமல் படித்ததுதான். அந்தப் பத்திரிகைக்காரரும் ஊர் மனம் புண்படுமே என்று அந்த வரியை எடுத்திருந்தால், அவன் யாரை அழைத்திருப்பான்?

உங்கள் பக்க நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. 2009 பிப்ரவரியில் இந்தியாவில், தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு முழு உயிரோடு இருந்தது. மலேசியாவில் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. இலங்கையில் 365, 365அ பிரிவுகள் இருக்கின்றன. சிங்கப்பூர் 2022இல்தான் தன்னுடைய சட்டத்தை நீக்கியது. ஒரே ஒளிபரப்பை இத்தனை நாடுகளுக்கு அனுப்புகிறவர்களுக்குப் பயம் வருவது புரிகிறது. சமோவாவில் 'மில்க்' படத்தையே 2009இல் தடைசெய்தார்கள், எங்கள் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் பண்பாட்டுக்கும் ஒத்துவராது என்று. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் செயலைப் பற்றியவை. ஒரு சொல்லை உச்சரிப்பதை 377ஆம் பிரிவு குற்றமாக்கவில்லை. சட்டம் கேட்காததை நீங்களாகவே முன்வந்து கொடுத்தீர்கள்.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

தமிழ்ச் சேனல்களில் காலையிலிருந்து இரவு வரை காமெடித் துண்டுகள் ஓடுகின்றன. அதில் ஒரு ஆண் கொஞ்சம் நளினமாக நடந்தால் 'ஒன்பது' என்பார்கள், 'பொட்டை' என்பார்கள். இரண்டு ஆண்களை ஒன்றாகப் பார்த்து மூன்றாமவர் அலறி ஓடுவது ஒரு நகைச்சுவை. பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு. இதில் ஒரு சொல்லுக்கும் நீங்கள் ஒலியை நிறுத்துவதில்லை. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறானதை ஒளிபரப்பக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளில் இருக்கிறதே, இதற்கெல்லாம் அது பொருந்தாதா? இழிவுபடுத்திச் சொன்னால் வீட்டுக் கூடத்தில் தாராளமாகக் கேட்கலாம். ஆஸ்கர் மேடையில் நின்று ஒருவர் அன்போடு சொன்னால் பிள்ளைகள் கேட்கக் கூடாது. இந்தத் தேர்வைச் செய்தது சந்தையோ சட்டமோ இல்லை. உங்கள் எடிட்டிங் அறையில் இருக்கும் மனிதர்கள் செய்தது.

இதன் பலனை நான் வகுப்பில் பார்க்கிறேன். குரல் மெலிந்த பையன் எழுந்து பாடம் வாசித்தால் பின் பெஞ்சிலிருந்து அந்தச் சொற்கள் வருகின்றன. எங்கே கற்றார்கள் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை, அந்த நடிகரின் குரலிலேயே, அதே இழுப்போடு சொல்கிறார்கள். அந்தப் பையன் அன்று முழுவதும் வாய் திறப்பதில்லை. இழிசொல் தவிர வேறு சொல் அவனுக்குக் கிடைப்பதும் இல்லை. நான் சொல்லிக் கொடுக்க முயல்கிறேன். ஆனால் பள்ளியில் நான் பேசும் நாற்பது நிமிடத்தை, வீட்டில் நீங்கள் பேசும் நான்கு மணி நேரம் அழித்துவிடுகிறது.

மாற முடியாது என்று சொல்லாதீர்கள். ஒருவரை ஒருவர் நேசித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கே இதில் போதிய புரிதல் இல்லை, சமூகத்தில் பெரும்பாலானவர்களின் மனநிலைதான் எனக்கும் என்று வெளிப்படையாக எழுதினார். ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டார், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களைச் சந்தித்துப் பேசினார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவைப் பிறப்பித்தார். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளுக்குத் தடை சொன்னார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. காஸ்ட்ரோ தெருவில் மில்க் சொன்னது இங்கே, உயர் நீதிமன்ற நீதிபதியின் அறையில் நடந்தது. தெரிந்துகொண்டார், தப்பெண்ணம் போனது. வயதுவந்தவர்களின் சம்மத உறவு 377ஆம் பிரிவின் கீழ் குற்றம் இல்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உங்கள் பக்கம் இருக்கிறது. இன்னும் எதற்குப் பயம்?

உங்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 'மில்க்' படத்தில் டான் வைட் பாத்திரத்தை ஜாஷ் பிரோலின் செய்திருப்பதைப் பாருங்கள். பல்லைக் கடிக்கும் வில்லன் இல்லை. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு மில்க்கை வீட்டுக்கு அழைக்கிற, சம்பளம் போதாமல் திண்டாடுகிற, முகத்தில் குழப்பம் தேங்கிய குடும்பஸ்தர். படம் அவரை வெறுக்கச் சொல்லவில்லை. வெறுப்பு பெரும்பாலும் அப்படித்தான், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நான் என் கடமையைத்தான் செய்கிறேன் என்ற முகத்தோடு வருகிறது. எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த நேர்மை அது. விதிமுறை என்ற ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் யாரும் அதைப் பார்த்தால் தங்களைக் கொஞ்சம் கேட்டுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

பெயரை அழிக்கிற வேலை உங்களோடு மட்டும் நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மில்க்கை வெளியேற்றிய அதே அமெரிக்கக் கடற்படை, தன் எரிபொருள் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைப்பதாக 2016இல் அறிவித்தது. 2021இல் கப்பல் நீரில் இறங்கியது. 2025 ஜூனில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். ஒரு நாட்டின் பாதுகாப்புத் துறைக்கே அந்த மனிதரின் பெயர் உறுத்துகிறது என்றால், அதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று புரிகிறது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். 'கே', 'லெஸ்பியன்', 'தன்பாலீர்ப்பாளர்' என்ற சொற்களை உங்கள் நிறுத்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வயதுக் குறியீடு போட வேண்டிய காட்சிக்கு வயதுக் குறியீடு போடுங்கள், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. தன்பாலீர்ப்பாளர்களையும் திருநங்கைகளையும் இழிவாகச் சொல்லும் காமெடித் துண்டுகளை மறுஒளிபரப்புப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பழைய படத்தையே அழிக்கச் சொல்லவில்லை, தினம் மூன்று வேளை துண்டு துண்டாக வெட்டிப் போடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அப்புறம், ஹார்வி மில்க் பிறந்த மே 22ஐக் கலிபோர்னியாவில் ஒவ்வொரு வருடமும் அவர் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். எங்கள் பள்ளிகளுக்கு அது கோடை விடுமுறைக் காலம். பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். அன்று மாலை 'மில்க்' படத்தைத் தமிழ் வசன வரிகளோடு, ஒரு சொல்லுக்கும் ஒலியை நிறுத்தாமல் போடுங்கள். அதற்கு முன் பிளாக்கின் ஆஸ்கர் பேச்சையும் முழுசாகப் போடுங்கள். அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை